சிக்னல் கிடைத்த இடத்தில் ஒரு களம்

இந்த வலைப்பூவைப் படிக்கும் எழுபது எண்பது பேருக்கும் தெரியும், பஸ் கிளம்பும் நேரத்தைக்கூடக் கடிகாரம் பார்த்து எழுதுகிறவன் நான். அதனால்தான் அந்தக் கமெண்ட் உறுத்தியது. இரண்டு வருடத்துக்கு முன் கண்டாச்சிபுரம் பக்கத்துப் பாறைச் சுனை ஒன்றைப் படம்பிடித்து ரீல் போட்டிருந்தேன். மழை விட்ட மறுநாள், பாறை நடுவே தெளிந்த தண்ணீர். நான் போட்டதிலேயே அது ஒன்றுதான் ஓடியது. மூன்று லட்சத்து எண்பதாயிரம் பேர் பார்த்தார்கள். போன மாதம் யாரோ அதன் கீழே எழுதியிருந்தார்: "லொகேஷன் தப்பு ப்ரோ. அங்க சுனை இல்ல, ஒரு வீடுதான் இருக்கு."

தப்பு எப்படி நடந்தது என்று உடனே புரிந்துவிட்டது. சுனைப் பக்கம் சிக்னலே கிடையாது. கீழே இறங்கி வந்தபோது ஒரு புளியமரத்தடியில் இரண்டு கோடு தெரிந்தது. அங்கேயே நின்று ரீலை ஏற்றி, மேப்பிலும் இடத்தைச் சேர்த்துவிட்டேன். அதாவது சுனையின் பெயரில் புளியமரத்தைப் பதிவு செய்திருக்கிறேன்.

நேரில் போய்ச் சரிசெய்துவிடலாம் என்று பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். உண்மையைச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை கிளம்ப எனக்கு ஏதாவது ஒரு காரணம் வேண்டும். திண்டிவனத்தில் வாடகை வீடு, வயது நாற்பத்திரண்டு, தனிக்கட்டை. சனிக்கிழமை ஆபீசில் "வரேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தால், திங்கள் காலை வரை வாயைத் திறக்கும் வேலையே இருக்காது.

திண்டிவனத்தில் காலை ஆறு நாற்பதுக்கு பஸ். விழுப்புரம் சுமார் நாற்பது கிலோமீட்டர், டிக்கெட் நாற்பது ரூபாய், ஏழு நாற்பதுக்கு இறக்கிவிட்டார்கள். பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டேன். வழியெல்லாம் அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நான்கு இட்லி, ஒரு வடை, ஐம்பத்தைந்து ரூபாய், வடை முந்தாநாள் சுட்டது. எட்டு இருபத்தைந்துக்குத் திருவண்ணாமலை பஸ். எல்லா பஸ்ஸும் கண்டாச்சிபுரத்தில் நிற்கும் என்று நம்பி ஏறாதீர்கள், கண்டக்டரைக் கேட்டுவிட்டு ஏறுங்கள். ஒன்பதேகாலுக்கு இறங்கினேன்.

ஆட்டோக்காரருக்கு நான் பாதி சொல்லும்போதே இடம் தெரிந்துவிட்டது.

"சொனைக்கா சார்? ரீல்ஸு எடுக்கவா? ஒண்டியாவா வந்துக்கிறீங்க? ஜோடி ஜோடியா இல்ல வருவாங்க."

"ஒண்டியாத்தான்" என்றேன்.

"ரோட்டுலயே எறக்கி வுட்டுடுவேன். களத்தாண்ட வர மாட்டேன். அங்க ஒரு அம்மா இருக்குது, வண்டி சத்தம் கேட்டாலே பேஜாரு பண்ணும்." சொல்லிவிட்டு அவராகவே சிரித்துக்கொண்டார்.

இங்கிருந்து எத்தனை கிலோமீட்டர், எந்தத் திசை, ஆட்டோவுக்கு எவ்வளவு என்று எழுதப் போவதில்லை. ஏன் என்று படித்தால் தெரியும்.

புளியமரம் அப்படியே இருந்தது. அன்றைக்கு மழை ஈரத்தில் காலியாகக் கிடந்த இடத்தை நான் வெறும் மைதானம் என்று நினைத்திருந்தேன். அது களம். இப்போது களம் முழுக்க மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காய்ந்துகொண்டிருந்தது. ரோட்டு ஓரமாக வரிசையாய்க் கல்லும் முள்ளும் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு பெண்மணி முதுகைக் காட்டிக்கொண்டு, காலால் காயைக் கிளறியபடி நடந்துகொண்டிருந்தார்.

"அங்கியே நில்லு சார். செருப்பக் கழட்டிட்டு ஓரமா வா" என்றார், திரும்பிப் பார்க்காமலே.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். களத்தில் காயும் மல்லாட்டை மேல் காரை ஏற்றியவர்களைப் பார்த்து ஒரு பெண் கத்திக் கேட்கும் கேள்வி, ஒன்பது நொடி. காருக்குள் இருந்தவர்களே எடுத்துப் போட்டது. அதற்கப்புறம் மாமியார் சண்டை, டிராஃபிக் ஜாம், கல்யாணப் பந்தி என்று எல்லாவற்றுக்கும் அந்தக் குரலை ஒட்டிவிட்டார்கள். அந்த வரியை நான் இங்கே எழுத மாட்டேன். பக்கத்து வீட்டுப் பூனை என் சாப்பாட்டுத் தட்டில் ஏறி நடந்ததை ஒருநாள் வீடியோ எடுத்தேன். அதற்கு நானும் அந்தக் குரலைத்தான் போட்டேன்.

சுனைக்கு வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவர் குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு பொய் வரவில்லை.

"அக்கா, இந்த எடத்த சுனைன்னு போன்ல தப்பா போட்டது நான்தான். சரி பண்ணிடலாம்னு வந்தேன்."

கிளறுவதை நிறுத்தினார். திட்டப்போகிறார் என்று நின்றேன். திட்டவில்லை.

"நீதானா அது" என்றார். "ரெண்டு வருசமா, ஞாயித்துக்கெழம ஆனா பத்து வண்டி, பாஞ்சு வண்டி. சொனை எங்க, சொனை எங்கன்னு. கார திருப்ப எடம் இல்லன்னு களத்து மேல ஏத்திக்கினு போறாங்க. ஒருநாள் கத்திட்டேன். அத்த எடுத்துப் போட்டுட்டானுங்க."

"பாத்தேன்."

"பாக்காதவங்க யாரு இருக்காங்க? சந்தைக்குப் போனா தக்காளி விக்கிறவன் அதையே சொல்லிக் காட்டுறான். இப்ப சந்தைக்குப் போறதில்ல."

அவருக்கு ஒரே மகள், சென்னையில் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை, விடுதியில் தங்கியிருக்கிறாள். கணவர் இல்லை. கூட வேலை செய்கிற பெண்களுக்கு அந்தக் குரல் யாருடையது என்று எப்படியோ தெரிந்துவிட்டதாம்.

"ஊருக்கு வாடின்னா, ஒரு ஞாயித்துக்கெழமதான் லீவு, அன்னிக்கு வண்டி வந்துக்கினே இருக்கும், நான் வர மாட்டேன்றா. என்னப் பாத்தாலே போன தூக்கிக்கினு நிப்பாங்களாம். எட்டு மாசம் ஆவுது சார். வண்டி நின்னா வர்றேன்னு சொல்லிக்கிறா." பிறகு கேட்டார்: "நிக்குமா?"

புளியமரத்தடிக்குப் போனேன். இன்றும் அதே இரண்டு கோடு. ரீலை அழிக்கப் போனபோது விரல் தயங்கியது. வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். இரண்டு வருடமாக ராத்திரி சாப்பிடும்போது அதன் கீழே இருக்கும் கமெண்ட்டுகளைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். 'சூப்பர் அண்ணா', 'எங்க ஊரு அண்ணா', 'அடுத்து எங்க அண்ணா'. வேறு யார் என்னை அண்ணா என்கிறார்கள்? அழித்தேன். மேப்பில் அந்த இடத்தை நீக்கச் சொல்லி அனுப்பினேன். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது.

"என்னுத எடுத்துட்டேன் அக்கா. மத்தவங்க அதப் பாத்துப் போட்டது நெறைய இருக்கும். அது என் கையில இல்ல."

"கொரலு?"

"அதுவும் என் கையில இல்ல." பிறகு சொல்லிவிட்டேன். "நானும் ஒரு பூனை வீடியோவுக்கு அதப் போட்டேன். அதையும் இப்ப எடுத்துட்டேன்."

என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

"எத்தினி பேரு பாத்தாங்க?"

"இருநூத்திப் பத்து."

"அவ்ளோதானா" என்றார். பிறகு, "நீ சிரிச்சியா?"

"சிரிச்சேன்."

அவர் ஒரு சாக்கைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, வாயைப் பிரித்துப் பிடிக்கச் சொன்னார். காய்ந்த பக்கத்திலிருந்து அள்ளி அள்ளிப் போட்டார். ஏழு சாக்கு. நடுவில் மூன்று கார், இரண்டு பைக் வந்தன. ஒவ்வொரு தடவையும் அவர் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். நான்தான் ரோட்டுக்குப் போய் வழி சொல்லி அனுப்பினேன். ஒரு காரில் இருந்தவர்கள் தங்களைப் படமெடுத்துத் தரச் சொன்னார்கள், எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சொல்லிக்கொண்டேன். "சரி" என்றார். சுனைக்கு நான் போகவே இல்லை.

விழுப்புரத்தில் ஐந்து மணிக்குத் திண்டிவனம் பஸ் ஏறினேன். கூட்டம், பையை மடியில் வைத்துக்கொண்டேன். விக்கிரவாண்டி தாண்டியதும் பின் சீட்டில் யாரோ போனைத் தள்ளிக்கொண்டே வந்தார், களத்து அக்காவின் குரல் வந்தது. ஒன்பது நொடி. நாலைந்து பேர் சிரித்தார்கள். திரும்பி, "அந்தக்கா சந்தைக்கே போறதில்ல" என்றேன். "இன்னா சார்?" என்றார் அவர், ஒன்றும் புரியாமல். ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்பிக்கொண்டேன். இதைவிட நன்றாகச் சொல்லியிருக்கலாம் என்று இரண்டு வாரமாக மனசு அடித்துக்கொள்கிறது.

இனி, அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு. கண்டாச்சிபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு அருகிலேயே டீ, சாப்பாடு கிடைக்கும். பங்குனி, சித்திரையில் சுனைகளில் தண்ணீர் இருக்காது, வெயில்தான் மிச்சம். எங்கே போனாலும், சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று லொகேஷன் போடாதீர்கள். அது யாரோ ஒருவருடைய வாசலாக இருக்கும். களத்தில் எது காய்ந்தாலும் வண்டியை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். அந்தக் குரலை வைத்து நீங்கள் ஏதாவது போட்டிருந்தால், இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

மேப்பில் அந்த இடம் இன்னும் இருக்கிறது, இன்று காலையும் பார்த்தேன். கண்டுபிடித்தே தீருவேன் என்கிறவர்கள் வார நாளில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு அந்த வீட்டுக்கு மகள் வர வேண்டும்.