ரத்தான கையெழுத்துக்கு வந்த பதில்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுகிற ஆள். இப்போதும் அப்படித்தான். மேற்கு மாம்பலத்தில் எங்கள் குடியிருப்பில் ஒருவர் இருக்கிறார், லிஃப்ட் தானாக மேலே போகிறது என்று அதற்கு எலுமிச்சம்பழம் கட்டி வைத்திருக்கிறார், ரிப்பேர் பண்ண ஆளைக் கூப்பிட வக்கில்லை. அந்த ஜனங்களோடு என்னையும் சேர்த்துவிடாதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

தி.நகரில் டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் வழங்கும் கம்பெனியில் எனக்கு வேலை. ஆடிட்டர்கள் பென் டிரைவ் மாதிரி ஒன்றைச் சொருகிக் கையெழுத்துப் போடுகிறார்களே, டோக்கன் என்பார்கள், அந்தச் சமாச்சாரம். ஆள் இறந்துவிட்டால் சான்றிதழை ரத்து செய்துவிடுவோம். ரத்தாகிவிட்டதா என்று பார்க்க, கருப்புத் திரையில் ஒரு வரி கட்டளை அடித்தால் போதும், எங்கள் சர்வரிடம் கேட்டுவிட்டு வரும். 'குட்' என்று பதில் வந்தால் செல்லும், 'ரிவோக்டு' என்றால் ரத்து. அந்தப் பதிலிலும் சர்வர் தன் கையெழுத்தைப் போட்டுத்தான் அனுப்பும். பூதம் புகுந்து விளையாட இதில் இடமே கிடையாது.

மயிலாப்பூரில் சேஷாத்ரி என்று ஓர் ஆடிட்டர் மாரடைப்பில் போய்விட்டார். அவர் மனைவி வசந்தா மாமி தகவல் சொன்னதும் நான்தான் ரத்து செய்தேன். காரியமெல்லாம் முடிந்தபிறகு யாரோ ஒரு கிளையண்டின் வருமானவரிக் கணக்கு அவர் கையெழுத்தோடு தாக்கலாகியிருக்கிறது. மாமியின் மச்சினர் ரகு, அண்ணனோடு கூட்டாகத் தொழில் செய்தவர், மன்னிதான் டோக்கனை வைத்துக்கொண்டு விளையாடுகிறாள், போலீசுக்குப் போவேன் என்று குதித்தாராம். மாமிக்குக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணவே தெரியாது. தினமும் எனக்குப் போன் பண்ணி அழுதார். ரெண்டு பேர் முன்னாலும் அந்தக் கட்டளையை அடித்துக் காட்டிவிட்டால் தொல்லை விட்டது என்று ஒரு மத்தியானம் லேப்டாப்போடு அவர் ஃபிளாட்டுக்குப் போனேன்.

ரகு சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, என்னை ஏதோ கேபிள் மாட்ட வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மாமி பீரோவிலிருந்து டோக்கனை எடுத்து வந்தார், மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார், எனக்குச் சிரிப்பு வந்தது. அதை மேஜைமேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கச் சொன்னேன். லேப்டாப்பில் சொருகவில்லை, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டளையை அடித்தேன்.

குட் என்று வந்தது.

ஆபீசில் என்னோடு வேலை பார்க்கும் டில்லி என்கிற பையனுக்குப் போன் போட்டு அங்கிருந்து அடிக்கச் சொன்னேன். "ரத்துன்னுதான் சார் வர்து. அங்க இன்னா காட்டுது?" என்றான். அப்படியானால் பழைய பதில் எங்கோ தங்கி நிற்கிறது, அவ்வளவுதான். அதைப் பிடிக்கவும் வழி உண்டு. கேள்வியோடு புதிதாக ஓர் எண்ணை அனுப்பினால், பதிலிலும் அதே எண் வரவேண்டும், பழைய பதிலாக இருந்தால் மாட்டிக்கொள்ளும். அனுப்பினேன். அதே எண் வந்தது, கூடவே குட்.

"பாத்தேளா மன்னி, ரத்தே ஆகலை. இனிமே போலீஸ் பாத்துக்கட்டும்" என்றார் ரகு.

எனக்கு எரிச்சல். வீட்டு இணைப்பில்தான் கோளாறு, பாருங்கள், இணைப்பே இல்லாவிட்டால் பிழை என்றுதான் வரும் என்று சொல்லிவிட்டு வைஃபையை அணைத்தேன். மறுபடி அடித்தேன்.

குட்.

ரகு எழுந்து வந்து, மோடத்தின் வயரையே பிடுங்கிவிட்டு, என் போனையும் அவர் போனையும் அணைத்துவிட்டு, இன்னொரு தடவை அடிக்கச் சொன்னார். அடித்தேன். அதே பதில். அவர் லேப்டாப்பைப் பார்க்கவில்லை, மேஜைமேல் இருந்த டோக்கனையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான். போலீசும் வரவில்லை, அவரும் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. இவ்வளவு பெரிய வாய், ஒரு நிமிஷத்தில் அடங்கிவிட்டது.

மாமி மட்டும் பதறவில்லை. "குட்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

"செல்லுபடி ஆகுதுன்னு அர்த்தம் மாமி."

"நன்னா இருக்கேன்னு சொல்றாரா?"

மிஷின் அப்படியெல்லாம் சொல்லாது என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை, திரையை ஒரு தடவை தொட்டுவிட்டு, எனக்குக் காபி கலக்க உள்ளே போனார். இவர்களுக்கெல்லாம் என்னத்தைப் புரியவைப்பது என்று நினைத்துக்கொண்டு, வந்த பதிலைச் சேமித்துவிட்டுக் கிளம்பினேன்.

ஆபீசில் டில்லி சர்வரைப் பார்த்து வைத்திருந்தான். அந்த வீட்டிலிருந்து ஒரு கேள்விகூட வரவில்லை, இணைப்பு இருந்தபோது அடித்ததுகூட வந்து சேரவில்லை. சரி, பதில் கொடுத்தது யார் என்று, சேமித்ததைத் திறந்தேன். கீழே எங்கள் சர்வரின் கையெழுத்து இல்லை. சேஷாத்ரியின் கையெழுத்து. அதைப் போடும் சாவி, ஒரு நீளமான ரகசிய எண், டோக்கனுக்குள் மட்டும்தான் இருக்கும், வெளியே எடுக்கவே முடியாது, டோக்கனோ சொருகாமல் மேஜைமேல் கிடந்தது. கையெழுத்து சரியா என்று சோதித்தேன். சரி என்றது. டில்லி எட்டிப் பார்த்தான். "இத்த இன்னாத்துக்கு நோண்டிக்கினு, வுடு சார்" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

வைரஸ் என்று சொல்லும் மேதாவிகள் எனக்கு வேண்டாம், அதையெல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்த மாதிரி பதிலில் கையெழுத்துப் போட்ட நேரமும் இருக்கும், ஓர் எழுத்து மாறினாலும் கையெழுத்து செல்லாமல் போய்விடும், புதிதாகப் போட்டால்தான் உண்டு. போன வாரம், சேமித்து வைத்த அந்த ஃபைலை இணைப்பில்லாத வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தேன். அதில் இருந்தது மயிலாப்பூருக்குப் போன நாள் இல்லை, போன வாரத்துத் தேதி, நான் திறந்த நேரம். மூடிவிட்டு மறுபடி திறந்தேன். நேரம் ஒரு நிமிஷம் கூடியிருந்தது. கையெழுத்து இரண்டு தடவையும் சரியாகவே இருந்தது.