அந்தோணி அண்ணன் பேனரில் ரெண்டு வரி பிரெஞ்சு

அந்தோணி அண்ணன் போய்விட்டார். நேற்றுக் காலை, மஸ்கெலியா வீட்டில், பல் விளக்கிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டாராம்.

"நல்ல மனுஷன்" என்று இதற்குள் நம் குரூப்பில் நிறையப் பேர் போட்டுவிட்டீர்கள். போடுங்கள்... செத்தவருக்குப் போட வேறு என்ன இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு: எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் வெள்ளைக்காரர்களுக்குச் சுற்றிக் காட்டும் கைட் அவர். நான் அங்கே டீ கவுண்டரில் மூன்று வருஷம். எங்கள் பக்கத்தில் அப்போது பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள் அண்ணன்தான். சர்ச் ஃபாதர் ஒருவரிடம் கற்றுக்கொண்டது.

பிரெஞ்சுக் கூட்டம் வந்தால் தோட்டத்து மேனேஜர் தொரை ஒரு கூத்து நடத்துவார். கொழுந்து எடுக்கும் அம்மாமார் நாலு பேரைக் கூடையோடு வாசலில் நிறுத்தி, இலையை அள்ளிப் பார்த்து, இங்கிலீஷில் குற்றம் சொல்வார். எங்கள் ஸ்டாண்டர்ட் எவ்வளவு உயரம் என்று விருந்தாளிக்குத் தெரிய வேண்டுமாம்.

அந்தக் குற்றத்தை பிரெஞ்சில் சொல்வதுதான் அண்ணன் வேலை.

அதற்கென்றே கெட்டி அட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி வைத்திருந்தார். இடது பக்கம் திட்டுகிற இங்கிலீஷ் வார்த்தை, வலது பக்கம் அதற்கு பிரெஞ்சு. 'லேஸி'க்கு மட்டும் ஏழு. 'கேர்லெஸ்'க்கு ஒன்பது.

"பாராட்டுறதுக்குக் கொப்பி இல்லையா அண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது இங்க தேவப்படாது தங்கச்சி."

தொரை ஒன்று சொன்னால் இவர் மூன்று சொல்வார். கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு மனிதர் அப்படி அலைவார்...

ஒருநாள் அந்த நாலு பேரில் என் அம்மாவும் இருந்தார்.

ஃபோனில் வீடியோ எடுத்தேன். தொரை அம்மாவின் கூடைக்குள் கையை விட்டு, முத்தல் இலை ஒன்றைத் தூக்கிக் காட்டி "கேர்லெஸ்" என்றார். அண்ணன் கூட்டத்தைப் பார்த்து பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "அக்கா, ஒங்க கைய பாத்து அசந்து போய்ட்டாங்க. கும்புடுங்க."

அம்மா கும்பிட்டார். வாயெல்லாம் பல்.

தொரை திட்டியதை அன்றைக்கு மட்டும் அண்ணன் நல்லதாக மாற்றிச் சொல்லிக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்தேன். அன்றைக்கு கவுண்டரில் அவருக்கு மட்டும் டீயில் ரெண்டு கரண்டி சீனி கூடப் போட்டேன். என் புத்தி அப்படி.

எங்கள் லயத்து வரிசையில் அம்மா இதைச் சொல்லாத வீடில்லை. ரொட்டி கருகிவிட்டது என்று நான் முகம் சுளித்தால் கையை நீட்டிக் காட்டுவார். "பிரெஞ்சுக்காரவுங்க அசந்த கைடி இது. தின்னு."

பிறகு ஹோட்டல் வேலைக்காகக் கண்டியில் நானும் பிரெஞ்சு படித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கும்போது அந்தப் பழைய வீடியோவைப் போட்டேன்.

"இவள் சோம்பேறி. கையா இது, மண்வெட்டி. அடித்தால்தான் நகரும் கிழட்டுக் கழுதை."

அதுதான் அண்ணன் சொன்னது. உச்சரிப்பு சுத்தம்.

அன்றைக்கே பஸ் ஏறி மஸ்கெலியா போய், அவர் முன்னாலேயே போட்டுக் காட்டினேன். முழுதாகப் பார்த்தார். வெட்கமே இல்லை.

"இங்கிலீஷ் திட்டுல உப்பு இல்ல தங்கச்சி. நான் கொஞ்சம் உப்புப் போட்டேன். அம்மாவுக்குப் புரிஞ்சிச்சா? இல்லைல்ல? புரியாத பேச்சு ஒடம்புல ஒட்டாது."

சொல்லிவிட்டு, டீ குடிக்கிறாயா என்று வேறு கேட்டார். குடிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வாசல் மிதிக்கவும் இல்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. அந்தக் கையை அவரிடமிருந்து எப்படிப் பிடுங்குவது...

நேற்று மத்தியானம் அவர் மகன் ஜூட் ஃபோன் பண்ணினான். அழுகிற குரல். "அக்கா, அப்பாவுக்கு பிரெஞ்சுல ரெண்டு வரி எழுதித் தாங்க. கண்ணீர் அஞ்சலி பேனர்ல போடணும். ஒங்கள விட்டா இங்க யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் தெரியாதுதான்.

ஊருக்கு வர ஹட்டனில் ஏறிய பஸ் நோர்வூட் தாண்டுவதற்குள் எழுதி அனுப்பிவிட்டேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, எல்லாம் அவர் வார்த்தைதானே. பெண்பாலை மட்டும் ஆண்பாலாக்கினேன்.

"ரொம்ப நல்லாருக்குக்கா. அப்பா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு" என்று பதில் போட்டான்.

இன்று காலை பார்த்தேன். சந்தியில், வெள்ளைக் கொடிகளுக்கு நடுவில், ஆளுயர பேனர். ஒரு சிலுவை, ரெண்டு ரோஜாப்பூ, கோட் போட்ட அந்தோணி அண்ணன். கீழே தங்க எழுத்தில்... சோம்பேறி. மண்வெட்டிக் கை. அடித்தால்தான் நகரும் கிழட்டுக் கழுதை.

ஸ்கூல் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அம்மாவும் வந்திருந்தார். முழங்கால் வலியோடு, மாலையும் கையுமாக. "நம்மள நாலு பேர் முன்னாடி ஒசத்திப் பேசுன தம்பி" என்று வழியெல்லாம் புலம்பல்.

பேனருக்கு முன்னால் நின்றார். "இது என்னா எழுத்து? நீதான் எழுதுனியாமே. என்னா போட்டிருக்க?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"ஒங்க கைய பாத்து அவங்க அசந்தாங்கள்ல... அன்னைக்கு அவரு சொன்னத அப்புடியே போட்டிருக்கேம்மா."

அம்மா செருப்பைக் கழற்றினார். மாலையை என்னிடம் கொடுத்துவிட்டு அந்த ரெண்டு வரியைப் பார்த்துக் கும்பிட்டார். வீடியோவில் இருக்கிற அதே சிரிப்பு.

குளுகுளுப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

ஜூட், நீ இதை வாசிப்பாய். கழற்றுவதென்றால் கழற்றிக்கொள். மற்றவர்கள் யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால் அம்மாவுக்கு மட்டும் இதை வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.

பின்னேரம் நாலு மணிக்கு அடக்கம். அம்மா வருவார். நான் வரமாட்டேன்.

போங்க அண்ணே... புரியாத பேச்சு ஒடம்புல ஒட்டாது.