தண்ணிக்கடியில கல்யாண நாள்

மொதல் கல்யாண நாளுக்கு மாலத்தீவு போறதுன்னு முடிவு பண்ணது என் சம்சாரம்தான். நானா இருந்தா மகாபலிபுரத்தோட முடிச்சிருப்பேன். அவ போன்ல ஒரு படம் காட்டுனா. கடலுக்கு நடுவுல கால் நட்டு, அது மேல கூரை போட்ட ரூமு. கட்டில்ல படுத்துக்கினே கண்ணாடித் தரை வழியா மீன் பாக்கலாமாம். பழவேற்காட்டுல எங்கம்மாகிட்ட இதைக் காட்டுனோம். "தண்ணி மேல ஊடா? ஐப்பசி மழை வந்தா நம்ம ஊடும் அப்படித்தானடா இருக்கும். இதுக்குப் போயி ஏரோப்ளேன் ஏறணுமா"ன்னு கேட்டுச்சு. என் சம்சாரம் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா.

அப்ப எங்களுக்கு ஒண்ணுமே தெரியாது.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்துல வாடகைக்கு இருந்தோம். அவளுக்கு அம்மா ஊடு வேப்பம்பட்டு. இங்க ஒரு ஸ்கூல் ஆபீஸ்ல வேலை பாத்தா. எதையும் பேப்பர்ல எழுதி வெச்சுதான் செய்வா. ஃப்ரிட்ஜ் கதவு மேல லிஸ்டு ஒட்டியாச்சு: பாஸ்போர்ட்டு, பெரிய தொப்பி, வெயில்ல பூசற க்ரீமு, எனக்கு ஒரு பூப்போட்ட சட்டை. "அந்தச் சட்டையைப் போட்டா நான் ஜோக்கரு மாதிரி இருப்பேன்"னேன். "இப்ப மட்டும் எப்படி இருக்கீங்களாம்"னா. கோவம் இல்லாதப்ப அவ என்னை நீங்கம்பா. கோவம் வந்தா நீ. இதை இப்பவே சொல்லி வெச்சுடறேன்.

லீவுதான் பேஜாரு. எங்களுது தொழிற்பேட்டைக்குள்ள ஒரு வார்ப்படக் கம்பெனி. இரும்பைக் காய்ச்சி மண் அச்சுல ஊத்துவாங்க. ஆறுனதும் அச்சை உடைச்சு உள்ள இருக்கற சாமானை எடுக்கறது எங்க அஞ்சு பேரோட வேலை. அந்த செக்ஷனுக்குப் பேரு நாக்-அவுட். உடைக்கறப்ப மண்ணு பறக்கும். கண்ணுக்குத் தெரியற மண்ணு கீழ விழுந்துடும். தெரியாத மண்ணு மேலயே நிக்கும். சாயங்கால வெயில் ஜன்னல் வழியா சாய்வா அடிச்சா மட்டும் அது தெரியும். மாஸ்க்கு குடுப்பாங்க. அதைப் போட்டுக்கினு சம்மட்டி புடிச்சா மூச்சு முட்டும்னு எல்லாரும் கழுத்துல எறக்கி விட்டுக்குவோம். கான்ட்ராக்ட் ஆளுக்கு ஒரு வாரம் சேந்தாப்ல லீவு வேணும்னா முன்னாடியே டபுள் டூட்டி பாத்து சேத்து வெக்கணும். நான் நாலு மாசம் சேத்தேன். மாலத்தீவுக்காக அந்த மண்ணுல ரெண்டு மடங்கு நின்னேன்னு சொன்னா சரியா இருக்கும்.

அந்த நாள்லதான் ஸ்டேஷன் மேம்பாலத்துல எனக்கு ஒரு பழக்கம் வந்துச்சு. ஞாயித்துக்கெழமை மாமியார் ஊட்டுக்குக் கெளம்புவோம். படிக்கட்டுல பாதி ஏறினதும் நின்னு, போன் வந்த மாதிரி பாக்கெட்டுல இருந்து எடுத்துப் பாப்பேன். நெஞ்சுல யாரோ கை வெச்சு அழுத்துற மாதிரி இருக்கும். ரெண்டு நிமிசம் நின்னா சரியாயிடும். அவ மேல நின்னு, கைல பையோட, என்னையே பாத்துக்கினு இருப்பா.

இப்ப என் நெஞ்சைப் பத்திச் சொல்லணும். நான் பழவேற்காட்டு ஏரியில பொறந்து வளந்தவன். படகு நங்கூரம் அடியில சிக்கிக்கிச்சுன்னா எங்கப்பா என்னைத்தான் எறக்குவாரு. மூச்சைப் புடிச்சுக்கினு உள்ள போனா மேல இருக்கறவங்க பயந்துபோய்க் கூப்பிட ஆரம்பிப்பாங்க, அப்புறம்தான் வெளிய வருவேன். அந்தத் திமிரு எனக்கு உண்டு. அதனாலதான் ரூமு புக் பண்ணப்ப, கண்ணாடித் தரையெல்லாம் அவளுக்கு, எனக்கு வேற ஒண்ணு வேணும்னேன். சிலிண்டர் மாட்டிக்கினு கடலுக்கு அடியில போறது. கல்யாண நாள் அன்னிக்கே போனா, தண்ணிக்கடியில பேனர் புடிச்சு போட்டோ எடுத்துக் குடுப்பாங்களாம். நீச்சல் தெரியாத அவளைக் கையைப் புடிச்சுக் கூட்டிக்கினு போவணும்னு எனக்கு ஆசை.

அதுக்கு ஒரு ஃபாரம் அனுப்புனாங்க. உடம்பைப் பத்திக் கேள்வி. எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டா போதும், ஒண்ணுக்கு ஆமான்னு போட்டாலும் டாக்டர் கையெழுத்து வேணும். நான் நாஷ்டா சாப்பிட்டுக்கினு இருக்கேன், அவ போன்ல ஒண்ணொண்ணா படிச்சு டிக் பண்றா. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குமான்னு ஒரு கேள்வி. "இல்லைன்னு போடு"ன்னேன். அவ வெரலு நின்னுடுச்சு.

"ஸ்டேஷன் படியில நின்னு போனைப் பாக்கற மாதிரி டபாய்க்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா? போன் ஸ்க்ரீன் அணைஞ்சு கெடக்கும். இன்னாத்த பாக்கற அதுல?"

நீ வந்துடுச்சு. நான் கத்தினேன். அதெல்லாம் டபுள் டூட்டி அசதி, ஒரு டிக்குக்காகப் போற எடத்தைக் கெடுக்காதன்னு சொன்னேன். "பொய்யை எழுதிக் குடுத்துட்டு நடுக்கடல்ல உனக்கு ஒண்ணுன்னா நான் யாரைப் போய்க் கேக்கறது"ன்னு அவ ஆமான்னு டிக் பண்ணிட்டா. சரி, ஒரு டாக்டர்கிட்ட மூச்சு பாக்கற மிஷின்ல ஊதிக் காட்டி கையெழுத்து வாங்கிட்டா இவ வாயை அடைச்சுடலாம்னு நெனைச்சேன். ஏன்னா ஊதறதுல நான் ராஜா.

அந்த ராஜா கதை அவளுக்குத் தெரியாது. கம்பெனிக்கு வருஷத்துல ஒருதரம் மெடிக்கல் வேன் வரும். அட்டைக் குழாயை வாயில வெச்சு, ஒரே தம்ல ஊதணும். ஸ்க்ரீன்ல கோடு ஏறும். ஏறலன்னா கான்ட்ராக்டரு "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு"ம்பாரு. ரெஸ்டுக்குப் போனவன் எவனும் திரும்பி வந்து நான் பாக்கல. நான் சேந்த வருஷம், எங்க செக்ஷன்லயே மூத்தவரு, ஆரம்பாக்கத்து அண்ணன், என்கிட்ட வந்து, "நைனா, எனக்குச் சளி. என் டோக்கனுக்கும் நீயே ஊதிடேன்"னாரு. எல்லாருக்கும் ஒரே நீலச் சட்டை, தலையில தொப்பி. வேன்ல இருக்கற பொண்ணு டோக்கனைத்தான் பாக்கும், மூஞ்சியைப் பாக்காது. ஊதினேன். அடுத்த வருஷம் ரெண்டு பேருக்கு, அதுக்கடுத்த வருஷம் மூணு பேருக்கு. போன கேம்ப்ல நாலு பேருக்கும் நானே ஊதினேன். உபகாரம்தானேன்னு இருந்தேன். பெருமையாக்கூட இருந்துச்சு. அவங்க கேன்டீன்ல எனக்கு டீ வாங்கிக் குடுப்பாங்க.

மொதல்ல அவங்களுக்கு ஊதிட்டு, கடைசியாத்தான் எனக்கு ஊதுவேன். என் கோடு மட்டும் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா எறங்கிக்கினே வந்துச்சு. வருஷா வருஷம் ஒரு ஆளு கூடறான்ல, அதான் கடைசில தம்மு பத்தலன்னு எனக்கு நானே கணக்கு சொல்லிக்கினேன்.

திருவள்ளூர்ல ஒரு நெஞ்சு டாக்டரம்மாகிட்ட போனோம். அங்கயும் அதே மாதிரி மிஷினு, அதே அட்டைக் குழாயி. எனக்கு முன்னாடி யாருக்கும் ஊதல. நல்லா தூங்கி எழுந்து, நாஷ்டா சாப்பிட்டு, மொத ஊது எனக்கே எனக்குன்னு ஊதினேன். கோடு கொஞ்சம் ஏறிட்டு அப்படியே படுத்துடுச்சு. "மிஷின்ல ஏதாவது கோளாறா"ன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு குழாயை மாத்திக் குடுத்துச்சு. மறுபடியும் அதே. மூணாவது தடவை ஊதறப்ப என் சம்சாரம் கண்ணை மூடிக்கினா.

எக்ஸ்ரே எடுத்தாங்க. டாக்டரம்மா அதை வெளக்குல மாட்டி ரொம்ப நேரம் பாத்தாங்க. வெள்ளை வெள்ளையாப் புள்ளி, ரவை எறைச்ச மாதிரி. "எங்க வேலை செய்றீங்க"ன்னு கேட்டாங்க. சொன்னேன். மண்ணு நொரையீரல்ல போய் உக்காந்துடுச்சு, போனது திரும்ப வராது, இனி அந்த எடத்துல ஒரு நாள்கூட நிக்கக் கூடாதுன்னாங்க. என் சம்சாரம் பையில இருந்து, பிரிண்ட் எடுத்து வெச்சிருந்த அந்த ஃபாரத்தை எடுத்தா. அவங்க வாங்கிப் பாத்துட்டு, "தண்ணிக்கடியில போறதைப் பத்தி இனிமே நெனைக்கவே நெனைக்காதீங்க"ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு.

மாலத்தீவை அன்னிக்கு ரயில்ல வரும்போதே அவ கேன்சல் பண்ணிட்டா. அழல. "மொதல்ல வேற செக்ஷன் கேளுங்க. வைத்தியத்துக்கும் கம்பெனியே பொறுப்பு எடுக்கணும். வேலையாலதானே வந்துச்சு"ன்னா.

டாக்டர் லெட்டரோட கம்பெனி ஆபீசரைப் போய்ப் பாத்தேன். மரியாதையாத்தான் உக்கார வெச்சாரு. சிகரெட் உண்டான்னாரு. இல்லைன்னேன். ஊட்ல விறகு அடுப்பான்னாரு. புறா எச்சத்தாலயும் நெஞ்சு கெடுமாம், புறா வளக்கறியான்னு கூடக் கேட்டாரு. அப்புறம் எங்க செக்ஷன் ஃபைலை எடுத்து, நாலு பேப்பரை என் முன்னாடி வரிசையா வெச்சாரு.

"உன்கூட வேலை செய்றவங்க நாலு பேரு. எல்லாரும் ஃபிட்டு. இவரைப் பாரு, உன்னைவிட இருபது வயசு மூத்தவரு, அதே மண்ணுலதான் நிக்கறாரு. எப்படி ஊதி இருக்காரு பாரு. உனக்கு மட்டும் வேலையால வந்துச்சுன்னு நான் எப்படிப்பா எழுதிக் குடுக்கறது?"

நாலுலயும் என் மூச்சு, இந்த டபுள் டூட்டிக்கு முன்னாடி ஊதின மூச்சு. சார், இது நான் ஊதினதுன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொன்னா அந்த நாலு பேருக்கும் அன்னிக்கே கேட்டை மூடிடுவாங்க. லெட்டரைத் திருப்பி வாங்கிக்கினு வெளிய வந்தேன்.

கேட்டுக்கு எதிர டீக்கடையில அவ காத்துக்கினு இருந்தா. எல்லாத்தையும் சொன்னேன், டோக்கன் கதையில இருந்து. திட்டுவான்னு நெனைச்சேன். "அவங்களால ஏன் ஊத முடியலன்னு நீ ஒரு நாள்கூட யோசிக்கலயா"ன்னு கேட்டா.

சத்தியமா யோசிக்கல. சளின்னு சொன்னாரு, சளின்னு நம்பிட்டேன். நாலு வருஷமா ஒருத்தருக்குச் சளி இருக்குமா?

மறுநாள் கேன்டீன் பின்னாடி ஆரம்பாக்கத்து அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். நீங்களாவது உங்க மூச்சை ஊதிக் காட்டுங்க, அதை வெச்சு நான் கேக்கறேன்னேன். அவர் தரையைப் பாத்துக்கினே, "அஞ்சு பேரும் வெளிய போவறதுக்கு ஒருத்தன் போனா போவட்டுமே நைனா. நாலு ஊட்டை நெனைச்சுப் பாரு"ன்னாரு. நான் அவரைக் கெட்ட வார்த்தையில திட்டிட்டேன். எங்கப்பா வயசு. அன்னிக்கோட நான் வேலைக்குப் போறதை நிறுத்திட்டேன். மத்த மூணு பேரும் என் போனை எடுக்கறதை நிறுத்திட்டாங்க.

கல்யாண நாள் அன்னிக்கு ஊட்லதான் இருந்தோம். அவ சேமியா பாயசம் வெச்சா. ரெண்டு பேரும் சிரிக்கப் பாத்தோம். பதினோரு மணி வாக்குல வாசல்ல யாரோ இருமற சத்தம். ஆரம்பாக்கத்து அண்ணன், கூட அவரு சம்சாரம். ஷேர் ஆட்டோல இருந்து எறங்கி எங்க வாசப்படி வர்றதுக்குள்ள ரெண்டு எடத்துல உக்காந்துட்டு வந்தாராம், அந்தக்கா சொன்னாங்க. அவர் நாற்காலியில உக்காந்து, பேச்சு வர்றதுக்காகக் கொஞ்ச நேரம் கையைக் காட்டி என்னை நிறுத்தி வெச்சாரு.

"அந்த டாக்டரம்மாகிட்ட என்னையும் கூட்டிக்கினு போ நைனா"ன்னாரு.

என் சம்சாரம் பாயசத்தை மூடி வெச்சுட்டு செருப்பைப் போட்டா. திருவள்ளூர் போய்ச் சேர மத்தியானம் ஆயிடுச்சு. ஊதற ரூம்ல அவரை ஸ்டூல்ல உக்கார வெச்சாங்க. நான் செவுரு ஓரமா நின்னேன். அவரு ஊதினாரு. ஸ்க்ரீன்ல கோடு கெளம்பவே இல்ல, தரையோட தரையா போயி நின்னுடுச்சு. "இன்னும் பலமா ஊதுங்க ஐயா"ன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. அவர் குழாயை வாயில இருந்து எடுத்து, அதைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "இவ்ளோதாம்மா இருக்குது"ன்னாரு.

மிஷின்ல இருந்து பேப்பர் வந்துச்சு. ஆபீசர் முன்னாடி வெக்க எனக்கு வேணும்னு நான் கேட்ட சாட்சி அதுதான். கைல வாங்கினேன், அவரு மூஞ்சியை என்னால பாக்க முடியல. நாலு வருஷத்துக்கு முன்னாடியே இந்தப் பேப்பர் வந்திருந்தா அவரு இன்னும் படி ஏறிக்கினு இருந்திருப்பாரு. வர விடாம நான்தான் ஊதினேன்.