மீசை வைத்த வில்

நடந்தது இவ்வளவுதான்:

1. அண்ணை ஒரு வில் செய்தார்.
2. அது போட்ட சத்தத்தில் பன்றிகள் எல்லாம் தப்பின.
3. சத்தத்தை நிறுத்தித் தரும்படி என்னிடம் கேட்டார்.
4. நிறுத்திக் கொடுத்தேன். வேலை சுத்தம்.
5. அதனால் குசினியில் ஒரு சட்டி கருகியது.

நாலுக்கும் ஐந்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காக மிச்சத்தை எழுதுகிறேன்.

நான் அப்போது கொழும்பில் தொழில்நுட்பப் படிப்பை முடித்துக்கொண்டு, முல்லைத்தீவில் ஒரு கந்தோரில் வாய்க்கால்களுக்கும் மதகுகளுக்கும் படம் வரைந்துகொண்டிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தால் பஸ் ஏறி அண்ணை வீட்டுக்குப் போவேன். அண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துக்குக் கீழே குடியேற்றக் காணி எடுத்து நெல் விதைத்தவர். காணியின் ஒரு பக்கம் காடு. வரம்போரத்தில் மரவள்ளி. மரவள்ளிக்காக வரும் காட்டுப்பன்றிகளை அண்ணை தன் சொந்தப் பகையாளிகள் போல அடையாளம் வைத்திருந்தார்.

பகைதான் முழுக் காரணம் என்று சொல்லமாட்டேன். அண்ணைக்குப் பன்றி இறைச்சி பிடிக்கும். ஆனால் கலியாணம் பேசியபோது எங்கள் வீட்டார் "பெடியன் சுத்த சைவம்" என்று தரகரிடம் சொல்லிவைத்தார்கள். பெண் வீட்டாரும் தங்கள் பிள்ளை அப்படித்தான் என்றார்கள். அவர்கள் சொன்னதை நாங்கள் நம்பினோம். நாங்கள் சொன்னதை அவர்களும் நம்பினார்கள். மச்சாள், அதாவது அண்ணையின் மனைவி, காணிக்கு வந்த முதல் வாரமே சொல்லிவிட்டாராம்:

"இந்தக் குசினியில மச்சம் மணந்தா அண்டைக்கே நான் யாழ்ப்பாண பஸ் ஏறுவன்."

மீனும் இறைச்சியும் எங்கள் பேச்சில் மச்சம். மச்சாள் பஸ் ஏறுவேன் என்றால் ஏறுவார். அண்ணைக்கு மச்சாள் மேல் உயிர். அதனால் அண்ணையின் இறைச்சி விவகாரம் எல்லாம் வயல் காவல் கொட்டிலோடு முடிந்துவிடும். வீட்டுக்கு வரும்போது வாயில் ஏலக்காய் இருக்கும்.

துவக்கு வெடித்தால் குடியேற்றம் முழுக்கக் கேட்கும், அனுமதியும் வேண்டும். ஆகவே வில். மச்சாளிடம் அதைப் "பண்டி விரட்டிற வில்லு" என்று சொல்லி வைத்திருந்தார்.

கைபிடி பாலை மரம். அதன் இரு பக்கமும், பழுதாய்ப்போன லொறியின் அடியிலிருந்து கழற்றிய உருக்குத் தகடுகள். ஆணி முடுக்கி முடித்த பிறகுதான், அதை மனிதரால் வளைக்க ஏலாது என்பது தெரியவந்தது. முனைகளில் கப்பி போட்டு நாணை அவற்றைச் சுற்றிக் கொண்டுவந்தால் இழுப்பு இலகுவாகும் என்று நான் ஒரு படம் வரைந்து கொடுத்தேன். முதலாம் வருடப் பாடம். கப்பிகளைக் கொக்கிளாயிலிருந்து வரும் அண்ணையின் சிநேகிதர் கொடுத்தார், வள்ளத்துப் பாய் ஏற்றுகிற கப்பிகள்.

வில் வேலை செய்தது. நாணை விட்டதும் முதலில் கப்பிகள் கீச்சிடும். உடனே தகடுகள் "டாங்" என்னும். பிறகு ஆணிகள் கிலுகிலுக்கும். கோயில் மணியை உலக்கையால் அடித்தது போல, வயற்கோடியிலிருந்து குசினி வரைக்கும் கேட்கும்.

"அம்பு போய்ச் சேர முதல் சத்தம் போய்ச் சேருது பிள்ளை" என்றார் அண்ணை. "பண்டி என்னைத் திரும்பிப் பாத்திட்டு ஓடுது."

"பாத்திட்டோ?"

"ஓம். ஒரு மாதிரிப் பாக்குது."

"அண்ணை, பண்டி விரட்டத்தான் வில்லெண்டு மச்சாளிட்டச் சொல்லியிருக்கிறியள். சத்தமில்லாட்டி என்ன சொல்லுவியள்?"

"அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீ படிச்ச பிள்ளை, சத்தத்தைப் பார்."

கொக்கிளாய்ச் சிநேகிதர் மட்டும் இந்த யோசனையை விரும்பவில்லை. அவர் கத்தோலிக்கர், கடலை நம்பி வாழ்பவர், கருவாட்டைக் கொண்டுவந்து குடியேற்றத்தில் நெல்லுக்கு மாற்றிக்கொண்டு போவார். அண்ணையின் பங்கு காவல் கொட்டிலில் இறங்கும். மச்சாளுக்கு மரியாதை கொடுத்துக் கருவாட்டுக் கடகப்பெட்டியை வேலிப் படலைக்கு வெளியே வைத்துவிடுவார். மச்சாள் ஒரு செம்பில் மோர் கொண்டுபோய்ப் படலையில் கொடுப்பார். செம்பு திரும்பி வரக் கொஞ்ச நேரமாகும்.

"மச்சான், சத்தம் போடுற வில்லு வீட்டுக்கு நல்லதடா. விட்டிடு" என்றார்.

"என்னடா கதை இது? ஏன்?"

"சும்மா சொன்னனான்." சிரிப்பை இருமலாக்கிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டார்.

ஒரு திங்கட்கிழமை மச்சாள் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போனார். நான் லீவு போட்டு வந்து வேலையைத் தொடங்கினேன். சத்தத்தை அளக்கக் கருவி இல்லை. பக்கத்துக் காணிக்காரரின் கோழிகள் வாழையடியில் கிளறிக்கொண்டு நின்றன. அவற்றை வைத்துக்கொண்டேன். அண்ணை வைக்கோல் மூட்டைக்கு அம்பு விடுவார், நான் கோழிகளைப் பார்ப்பேன்.

கப்பிகளுக்கு எண்ணெய் விட்டோம். கீச்சு நின்றது. கோழிகள் எல்லாம் தலையைத் தூக்கின.

பழைய சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டி ஒவ்வொரு ஆணிக்கும் அடியில் போட்டு முடுக்கினேன். கிலுகிலுப்பு நின்றது. கோழிகள் அப்போதும் தூக்கின.

அம்பு உரசுகிற இடத்துக்கு மெத்தென்ற துணி வேண்டும் என்றேன். அண்ணை உள்ளே போய் ஒரு துண்டு சிவப்பு வெல்வெற்றோடு வந்தார். எங்கே எடுத்தது என்று கேட்டேன். "நீ வேலையைப் பார்" என்றார்.

கடைசியாக, மிஞ்சிய ரியூப்பை மெல்லிய நாடாக்களாகக் கீறி, நாணில் மேலே ஒரு குஞ்சம், கீழே ஒரு குஞ்சம் கட்டினேன். நாணின் அதிர்வை அந்த ரப்பர் தின்றுவிடும்.

"வில்லுக்கு மீசை முளைச்சிட்டுது" என்றார் அண்ணை.

பாரமான அம்பு சத்தம் குறைக்கும் என்பதால், இரும்பு முனை வைத்து ஒன்றே ஒன்று செய்தேன். அண்ணை அதை விட்டார். மூட்டையில் "பொத்" என்றது. கோழிகள் கிளறிக்கொண்டே இருந்தன. சேவல் மட்டும் ஒரு கண்ணால் பார்த்துவிட்டு, தன் வேலைக்குத் திரும்பியது.

அடுத்த சனிக்கிழமை பின்நேரம் வயலுக்குப் போனோம். புறப்படும்போது மச்சாள் படலை வரைக்கும் வந்தார்.

"ஆறுதலா நிண்டு விரட்டிப்போட்டு வாங்கோ. அவசரமில்லை."

"பாத்தியே, என்ன மாதிரி மனிசி!" என்றார் அண்ணை வழியில். "பின்னேரமானா வீடு முழுக்கச் சாம்பிராணி. நான் போய்ச் சேரேக்க கோயிலுக்குள்ள போற மாதிரி இருக்கும்."

வெயில் சாயப் பன்றி வந்தது. தனியன், பெரியது. மரவள்ளியைக் கிண்டத் தொடங்கியது. அண்ணை இழுத்து விட்டார். ஒரு சத்தமும் இல்லை. என் வேலையில் ஒரு குறையும் இல்லை. குறை அண்ணையின் குறியில். அம்பு பன்றியின் முதுகுக்கு மேலால் போய் வரம்பில் குத்தி நின்றது. பன்றி நடந்து போய் அம்பை மணந்து பார்த்தது. பிறகு மரவள்ளிக்குத் திரும்பி வந்தது.

"அடுத்த அம்பைத் தா" என்றார் அண்ணை காதுக்குள்.

"பாரமானது ஒண்டுதான் செய்தனான்."

"அப்ப வீட்டில கிடக்கிற பழசை எடுத்துக்கொண்டு ஓடி வருவம். இது இப்ப போகாது, பார், விருந்துக்கு வந்த மாதிரி நிக்குது."

வில்லோடு குறுக்கு வழியாக வந்தோம். வேலிக்குக் கிட்ட வர மணந்தது. அண்ணை நின்றார்.

"பக்கத்துக் காணியில கருவாடு பொரிக்கினம். பாவம் உன்ர மச்சாள், இந்த மணத்தை எப்பிடித் தாங்கிக்கொண்டு இருக்கிறாவோ!"

அம்புகள் குசினிச் சுவரோடு சாத்தியிருந்தன. அதனால் பின்கதவால் நுழைந்தோம். அடுப்பில் தாச்சிச் சட்டி. தாச்சியில் சீலாக் கருவாட்டுத் துண்டுகள். மூலையில் மூட்டிய சாம்பிராணித் தட்டு தயாராக இருந்தது. மச்சாளின் கையில் ஒரு துண்டு, பாதி கடித்தது.

மச்சாள் முதலில் சொன்னது இதுதான்:

"சத்தம் கேக்கேல்லையே!"

அண்ணை வில்லை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மறைக்கக்கூடிய நீளமில்லை.

"உங்கட கையில என்ன?"

"பண்டி விரட்டிற வில்லு."

"சத்தமில்லாமலோ விரட்டுறது? சத்தம் வந்துகொண்டிருந்தா நீங்கள் வயலில நிக்கிறியள் எண்டெல்லோ நான்..." அங்கே நிறுத்திக்கொண்டார். பிறகு கிட்ட வந்து பார்த்தார். "உதென்ன, மீசை? ஐயோ, இது என்ர நகைப்பெட்டி வெல்வெற்றெல்லோ!"

"அது கிடக்கட்டும். தாச்சியில என்ன?"

தாச்சி புகைந்துகொண்டிருந்தது. நான்தான் அதை இறக்கிவைத்தேன். அதைத் தவிர என் படிப்புக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

மச்சாள் பாதித் துண்டைத் தாச்சிக்குள் திரும்பப் போட்டார். பிறகு அண்ணை மெல்லக் கேட்டார்:

"இஞ்சரும், இப்ப பஸ் ஏறப்போறது ஆர்?"

மச்சாளின் கண் கலங்கியிருந்தது. புகையால் மட்டுமில்லை. "ஏறிப்போய் அப்பாட்ட என்னெண்டு சொல்லுறது?" என்றார். "எப்ப தொடக்கம் நீங்கள் மச்சம் தின்னுறியள்?"

"கலியாணத்துக்கு முந்தியே. நீர்?"

"நானும்தான்."

"திங்கள், வெள்ளி?"

"தொட்டதேயில்லை."

"நானும் தொட்டதில்லை" என்றார் அண்ணை. பெரிய பொருத்தம் ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள் போல இருவரும் தலையாட்டினார்கள். அண்ணை கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கருகாத துண்டு ஒன்றைத் தேடி எடுத்தார்.

"உப்புக் கூடிப்போச்சு."

"கொக்கிளாய்ச் சாமான் அப்பிடித்தான்."

"கொக்கிளாயோ?" அண்ணை மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார். "அப்ப அந்த மோர்ச் செம்பு?"

"அதுக்குள்ள ரெண்டு துண்டுதான் பிடிக்கும்" என்றார் மச்சாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு மச்சாளுக்கும் முடியவில்லை. எழுந்து போய்ச் சாம்பிராணித் தட்டை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அடுத்த கிழமை சிநேகிதர் வந்தபோது, கடகத்தை உள்ளே கொண்டுவரும்படி அண்ணை படலையைத் திறந்துவிட்டார். சிநேகிதர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் சொன்னனான்தானே மச்சான், சத்தம் வீட்டுக்கு நல்லதெண்டு."

"ரெண்டு பக்கமும் வித்திருக்கிறாய், கள்ளன்!"

"மோர் நல்ல மோர்" என்றார் அவர்.

இன்றைய நிலைமை: மீசையையும் ரியூப் வட்டங்களையும் நானே கழற்றிவிட்டேன். வெல்வெற் நகைப்பெட்டிக்குத் திரும்பிவிட்டது. கப்பிகளுக்கு இப்போது எண்ணெய் விடுவதில்லை. மச்சாளின் அப்பா வற்றாப்பளைப் பொங்கலுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து போவார், சொல்லாமல் இடையிலும் வருவார். பஸ்ஸிலிருந்து அவர் இறங்குவது வயற்கோடியிலிருந்து தெரியும். அண்ணை அங்கே நின்று வெறும் நாணை ஒருமுறை இழுத்து விடுவார். மாமனார் படலைக்கு வந்து சேரும்போது வீட்டில் சாம்பிராணி மணக்கும். பன்றி உயிரோடு இருக்கிறது.