சேராத செய்தியும் நான் சொன்ன பதிலும்

சென்ற ஆவணி மாதம், ஏழாயிரம்பண்ணையில் என் பெரியப்பா மகன் நடத்தும் பட்டாசு ஆலையில் நடந்தது இது. நான் ஆமத்தூரில் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் எழுதுபவன். குறுஞ்செய்தி அனுப்ப நான் எழுதிய ஒரு லைப்ரரியை, அதாவது மற்ற மென்பொருள்களோடு இணைத்துக்கொள்ளும் நிரல் தொகுப்பை, பல ஊர்களில் பயன்படுத்துகிறார்கள். அதையே அண்ணனின் ஆலைக்கும் போட்டுக் கொடுத்திருந்தேன்.

அன்று விடியும்போதே இடியும் மின்னலும். வெடிமருந்து இருக்கிற இடத்தில் மின்னல் நேரத்தில் ஆள் இருக்கக் கூடாது. 'இன்று வேலை இல்லை, வேன் வராது' என்று அண்ணன் வேலையாட்கள் எல்லோருக்கும் செய்தி அனுப்பினார். எல்லாப் பெயருக்கும் நேரே 'போய்ச் சேர்ந்தது' என்று திரை காட்டியது.

ஆனால் ஓர் ஊரிலிருந்து வேலைக்கு வரும் பெண்கள் மட்டும், வேன் பழுதாகிவிட்டது போல என்று நினைத்து, காட்டு வழியே நடந்தே வந்துவிட்டார்கள். அவர்கள் கடந்த கொஞ்ச நேரத்தில் அதே வழியில் ஒரு பனையில் மின்னல் இறங்கியது.

மறுநாள் நான் ஆலைக்குப் போனேன். "செய்தி அனுப்பியும் ஏன் வந்தீக?" என்று அண்ணன் ஆலை வாசலில் அந்தப் பெண்களிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "எங்களுக்கு ஒண்ணும் வரலையே மொதலாளி" என்று அவர்களில் ஒரு அக்கா தன் போனை என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"வந்திருக்கும்க்கா. வீட்டுல யாராச்சும் அழிச்சிருப்பாக" என்றேன்.

அந்த அக்கா போனை மடியில் செருகிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தும் மனசு கேட்காமல் நிரலைத் திறந்து பார்த்தேன். செய்தியைத் தொலைபேசி நிறுவனத்திடம் ஒப்படைத்ததுமே என் நிரல் 'சரி' என்று பதில் தந்துவிடுகிறது. ஆளிடம் சேர்ந்ததா என்று பார்ப்பதே இல்லை. அந்தச் 'சரி'யைத்தான் திரை 'போய்ச் சேர்ந்தது' என்று காட்டியிருக்கிறது. 'ஒப்படைத்தாயிற்று', 'சேர்ந்தது', 'தெரியவில்லை' என்று தனித்தனிப் பதில் வரும்படி திருத்தினேன். அதைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்கும் என் தவறைச் சொல்லி எழுதினேன்.

பிறகு அந்த அக்காவின் வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையதுதான் என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனைச்சேன் தம்பி. எம் மவதான் போனை வச்சிருப்பா. அவ அழிச்சிட்டான்னு அடிச்சுப்புட்டேன். இல்லம்மா, இல்லம்மான்னு அம்புட்டு அழுதா."

உள்ளே பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் அம்மாவைத்தான் பார்த்தாள்.

தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்ன நிரலைத் திருத்திவிட்டேன். அன்று ஆலை வாசலில் நானும் அதையேதான் செய்தேன்.