இடது பக்கம் கொஞ்சம் பிடிச்சுத் தைச்சேன்

ப்ளவுஸ் தைக்கிறவளுக்கு ஆளோட முகம் மறந்துபோகும், பேரு மறந்துபோகும், மார்பளவு மட்டும் மறக்கவே மறக்காது. பெங்களூரு ஆஸ்டின் டவுன்ல ஒரு சந்துக்குள்ள பதினெட்டு வருஷமா தைக்கிறேன். கடைன்னா ரெண்டு மெஷின், ஒரு கண்ணாடி, போட்டுப் பாக்கறதுக்கு ஒரு திரை, அவ்வளவுதான். அந்தத் திரைக்குப் பின்னாடி பொம்பளைங்க என்கிட்ட சொன்னதுல பாதியைக் கூட எந்த டாக்டர்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டாங்க. ஏன்னா டாக்டர்கிட்ட யாரும் போறதில்ல, டைலர்கிட்டதான் வர்றாங்க. நீங்களும் அப்படித்தான்னு எனக்குத் தெரியும், முறைக்காதீங்க. நானும் அதே ரகம்தான்.

அரை இஞ்ச்

மாரு வலிக்குதுன்னு எவளும் வாயைத் திறந்து சொல்ல மாட்டா. "அக்கா, இந்த ப்ளவுஸ் பிடிக்குது, அரை இஞ்ச் பிரிச்சு விடுங்க"ன்னுதான் வருவா. டேப்பைச் சுத்திப் பாத்தா நோட்டுல எழுதி வெச்ச அதே முப்பத்தாறுதான் இருக்கும். ஆனா டேப் பட்டதும் பல்லைக் கடிச்சுக்குவா. பிடிக்கிறது ப்ளவுஸ் இல்லன்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் பேசாம இருப்போம். நான் தையலைப் பிரிச்சு விடுவேன்.

அடுத்த தெருவுல டிபன் கடை வெச்சிருக்கிற பரிமளா ஒரே ப்ளவுஸோட மூணு தடவை வந்தா. மூணாவது தடவை பிரிக்கிறதுக்கு உள்ள துணியே இல்ல. அன்னைக்கு எனக்கு என்ன தைரியமோ, "பீரியட்ஸுக்கு முன்னாடி மட்டும் வலிக்குதா, இல்ல எப்பவுமே வலிக்குதா பரிமளா?"ன்னு கேட்டுட்டேன். அவ திரைக்கு வெளிய எட்டிப் பாத்தா, யாரும் இல்லன்னு உறுதி பண்ணிக்கிட்டா, அப்புறம் என் மேல பாஞ்சா. "நீங்க டைலரா, டாக்டரா? துணி இல்லன்னா ஒட்டு வெச்சுக் குடுங்க."

ஒட்டு வெச்சுக் குடுத்தேன்.

எனக்கும் வந்துச்சு

போன தை மாசம், கல்யாண சீசன். மூணு மணப்பொண்ணுங்களுக்கு வேலைப்பாடு வெச்ச ப்ளவுஸ், கூடவே அவங்க சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும். குனிஞ்ச தலை நிமிரல. அப்பதான் என் இடது மாருல, அக்குளுக்கு இந்தப் பக்கம், ஊசி வெச்சுக் குத்துற மாதிரி ஒரு வலி. ஒரு வாரம் இருந்துச்சு. சரி, போயிடும்னு விட்டேன். மாசி வந்துச்சு, பங்குனி வந்துச்சு, வலி மட்டும் வாடகைக்கு வந்தவ மாதிரி அங்கயே உக்காந்துக்கிச்சு. நான் என்ன செஞ்சிருப்பேன்னு நினைக்கிறீங்க? என் ப்ளவுஸை எடுத்து அரை இஞ்ச் பிரிச்சு விட்டேன்!

வலியைத் தள்ளிப் போடறது எங்க வீட்டு ரத்தத்துலயே இருக்கு. எங்கப்பா கோலார் தங்கவயல்ல சுரங்க வேலை பாத்தவரு. கடைசி வரைக்கும் இருமலைத் தூசின்னே சொல்லிட்டுப் போயிட்டாரு. எம் புருஷன்கிட்ட சொன்னேன். அவரு டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வெச்சாரு. நாத்தனார் பிலோமினாகிட்ட சொன்னேன். அவ ஜெபம் பண்ணின எண்ணெய் ஒரு பாட்டில் கொண்டாந்து, தானே தேச்சும் விட்டா, நல்லவதான். ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமான்னு கேட்டதும் பாட்டிலை மூடிட்டுச் சொன்னா: "போனா ஏதாவது இருக்குன்னுதான் சொல்லுவாங்க அண்ணி. போகாம இருந்தீங்கன்னா ஒண்ணும் இல்ல."

கை வலி

சித்திரையில ஒரு நாள் மனசைக் கெட்டியாக்கிக்கிட்டு முக்குல இருக்கிற கிளினிக்குக்குப் போனேன். வயசான ஆம்பளை டாக்டரு, தங்கமான மனுஷன், எம் பொண்ணுக்கு அம்மை போட்டப்ப அவருதான் பாத்தாரு. ஆனா வெளிய வெயிட் பண்ற இடத்துக்கும் அவரு ரூமுக்கும் நடுவுல ஒரு பலகைத் தடுப்புதான். உள்ள இருமினா வெளிய இருக்கிறவன் "அச்சச்சோ"ம்பான். அன்னைக்குன்னு பாத்து என் கஸ்டமர்ஸ் நாலு பேரு பெஞ்சுல வரிசையா உக்காந்திருக்காங்க.

"என்னம்மா பிரச்சனை?"ன்னாரு. "கை வலி டாக்டர்"ன்னேன். எந்தக் கைன்னாரு. இடது கைன்னேன். பாவம், தோளைத் தூக்கச் சொல்லிப் பாத்தாரு, விரலை மடக்கச் சொல்லிப் பாத்தாரு, தேய்க்கிறதுக்கு ஒரு மருந்து எழுதிக் குடுத்தாரு. நானும் வெக்கமே இல்லாம ஒரு மாசம் அதைக் கையில தேய்ச்சேன். இதைவிடக் கேவலமான முட்டாளை நீங்க பாத்திருக்கீங்களா? மருந்து தீந்ததும் திரும்பப் போய் நின்னேன். அவரு கண்ணாடியை இறக்கி என்னைப் பாத்துச் சொன்னது இதுதான்: "கையில எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. வேற எங்கயாவது வலிச்சாலும் சொல்லலாம்."

நான் "இல்ல டாக்டர்"னு சொல்லிட்டு வந்துட்டேன்.

பி.ஜி.யில தங்கின பொண்ணு

சேலத்துலேருந்து வந்து, பி.ஜி. ஹாஸ்டல்ல தங்கி ஐ.டி.யில வேலை பாக்கிற பொண்ணு ஒண்ணு, பேரு நிவேதா. இருபத்தஞ்சு வயசு இருக்கும். ஆபீஸ் விழாவுக்குன்னு ப்ளவுஸ் தைக்க வந்தா. டேப்பைச் சுத்தறதுக்கு முன்னாடியே, "அக்கா, மெதுவா. ரெண்டு பக்கமும் வலிக்குது, ரெண்டு வாரமா"ன்னு சாதாரணமா சொல்லிட்டா. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. திரை வேற சரியா மூடல.

அடுத்த வாரம் ப்ளவுஸை வாங்க வந்தப்ப, "டாக்டர்கிட்ட போனேங்க்கா, தப்பான சைஸ் பிரா போட்டிருக்கேனாம், பீரியட்ஸ் வர்றப்ப அது இன்னும் வலிக்குதாம், வேற ஒண்ணும் இல்ல"ன்னா. அவ்வளவுதான் விஷயம். ரெண்டு வாரம் வலிச்சுது, மூணாவது வாரத்துல முடிஞ்சுபோச்சு. எனக்கு ஒரே எரிச்சல். நாலு மாசமா எண்ணெயும் மருந்துமா தேய்ச்சுக்கிட்டு இருக்கேனே! அந்த எரிச்சல்ல, "ஆம்பளை டாக்டரா, பொம்பளை டாக்டரா? கூச்சமா இல்லியா?"ன்னு கேட்டேன். அவ பையில ப்ளவுஸை வெச்சுக்கிட்டே சொன்னா: "வலிக்கறதை விடவா அக்கா கூச்சம்?"

வசந்தா மிஸ்

இப்ப வசந்தா மிஸ்ஸைப் பத்திச் சொல்லணும். சொல்லாம முடிச்சுடலாம்னுதான் இருந்தேன். ஸ்கூல்ல கணக்கு டீச்சரு, இந்த வருஷம் ரிட்டையர் ஆகறாங்க. கல்யாணம் பண்ணிக்கல, அண்ணன் வீட்டு மாடியில தனியா இருக்காங்க. பன்னெண்டு வருஷமா என்கிட்ட மட்டும்தான் தைக்கக் குடுப்பாங்க. காட்டன் புடவைக்கு ப்ளவுஸ் ஒரு சுருக்கம் இல்லாம உக்காரணும் அவங்களுக்கு. கொஞ்சம் கோணல்னா பரீட்சைப் பேப்பர் மாதிரி சாக்பீஸால சுழிச்சுக் குடுத்துடுவாங்க.

கிறிஸ்மஸுக்குத் தைச்சப்ப மிஸ்ஸுக்கு இடது பக்கம் ப்ளவுஸ் லேசா தொளதொளன்னு நின்னுச்சு. டார்ட்டுன்னு ஒண்ணு உண்டு, மாருக்கு வடிவம் வர்றதுக்காகத் துணியைக் கூம்பா மடிச்சுத் தைக்கிறது. இடது டார்ட்டைக் கால் இஞ்ச் பிடிச்சுத் தைச்சேன், சரியாப் போச்சு. ஈஸ்டருக்குத் தைச்சப்ப இன்னொரு கால் இஞ்ச். வைகாசியில, அண்ணன் பொண்ணு நிச்சயதார்த்தத்துக்குத் தைச்ச ப்ளவுஸை மிஸ் போட்டுப் பாக்கறப்ப, திரைக்குப் பின்னாடி நான் கண்ணால பாத்தேன். இடது மாருல கீழ்ப் பக்கம் தோலு உள்ள இழுத்திருந்துச்சு, நூலை இறுக்கிப் பிடிச்சா துணி குழியுமே அப்படி. "வலிக்குதா மிஸ்?"ன்னேன். "சீச்சீ, வலியெல்லாம் ஒண்ணும் இல்ல, வயசாச்சுல்ல"ன்னாங்க. வலி இல்லன்னா சரிதானேன்னு எனக்கும் நிம்மதியாப் போச்சு. குழி வெளிய தெரியாம இருக்க உள்ள லைனிங் துணியை ரெண்டா மடிச்சு வெச்சுத் தைச்சேன். ஒரு சுருக்கம் இல்ல. மிஸ் கண்ணாடியில திரும்பித் திரும்பிப் பாத்துட்டு, என் கன்னத்தைத் தட்டிச் சொன்னாங்க: "உன் கை பட்டா எந்தக் கோணலும் தெரியாது எஸ்தர்."

பெஞ்சுல உக்காந்திருந்தவங்க

அன்னைக்கே நான் என் வலியை மிஸ்கிட்ட சொல்லிட்டேன். அஞ்சு மாசம்னதும் அவங்களுக்கு வந்துச்சே கோபம்! "பைத்தியமா உனக்கு? கை வலின்னு சொன்னியாம், கை வலி! நாளைக்கு லீவு போடறேன், நீ கிளம்பி நில்லு"ன்னு திட்டினாங்க. சொன்ன மாதிரியே மறுநாள் காலையில ஆட்டோவோட வந்து நின்னாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி, ஃபாரத்துல "என்ன தொந்தரவு"ங்கிற இடத்துல அவங்களே எழுதினாங்க. என் பையை மடியில வெச்சுக்கிட்டு வெளிய பெஞ்சுல உக்காந்தாங்க.

லேடி டாக்டர், கன்னடக்காரங்க. "எஷ்டு தின ஆயித்து?"ன்னு கேட்டாங்க. எத்தனை நாள்னு கேட்டா நான் மாசக் கணக்குச் சொன்னேன். தலையில அடிச்சுக்காத குறை. தொட்டுப் பாத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க, படம் எடுத்தாங்க. கடைசியில ஒரு விரலால விலா எலும்பு மேல அழுத்தினாங்க, உயிரு போச்சு. அங்கதான் வலியே. மெஷின் மேல சாஞ்சு சாஞ்சு உக்காந்து, நெஞ்சுக்கூட்டுச் சதையில வந்த வலியாம், மாருல ஒண்ணுமே இல்லியாம். எனக்கு அழுகை வந்துடுச்சு. அப்புறம் டாக்டர் பொறுமையா, கன்னடமும் தமிழும் கலந்து சொன்னாங்க. வெறும் வலி மட்டும்னா பெரும்பாலும் பயப்பட ஒண்ணும் இருக்காது, ஆனா ஒரே இடத்துல விடாம வலிச்சா வந்து காட்டிடணும். கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பு உள்ள இழுத்தாலோ, ரத்தம் கசிஞ்சாலோ, தோலு குழிஞ்சாலோ ஒரு நாள் கூடத் தள்ளிப் போடக் கூடாது, வலி இல்லன்னாலும் கூட. "நோவு இருக்கிறவங்க பயந்துகிட்டாவது வர்றாங்க"ன்னாங்க, "நோவு இல்லாதவங்கதான் லேட்டா வர்றாங்க."

தோலு குழிஞ்சாலோ. அது என் காதுல விழுந்துச்சு, நல்லாவே விழுந்துச்சு. கதவைத் திறந்தா மிஸ் எந்திரிச்சு நிக்கிறாங்க, முகமெல்லாம் கவலை. "ஒண்ணும் இல்லியாம் மிஸ்"ன்னேன். என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்த சந்தோஷத்துல எப்படிச் சொல்றது? ஆட்டோல சொல்லலாம்னு நினைச்சேன். ஆட்டோக்காரரு இருந்தாரு, சொல்லல. மிஸ் வழி பூரா சிரிச்சுக்கிட்டே வந்தாங்க. "பாத்தியா, ஒண்ணுமில்லாததுக்கு அஞ்சு மாசம் செத்துச் செத்துப் பிழைச்சிருக்க. எறங்கு, காபி குடிப்போம்."

ஒன்றரை மாசம்

கல்யாணம் முடியட்டும்னு நினைச்சேன். நல்ல காரியம் நடக்கிற வீட்ல எதுக்குன்னு. ஒரு டைலரு ஒரு டீச்சர்கிட்ட போயி உங்க மாரு இப்படி இருக்குன்னு எப்படிச் சொல்றதுன்னு நினைச்சேன். சொல்லி ஒண்ணும் இல்லன்னு ஆயிட்டா மிஸ் இனிமே என்கிட்ட தைக்கக் குடுப்பாங்களான்னு கூட நினைச்சேன், அந்த அசிங்கத்தையும் மறைக்காம சொல்லிடறேன். ஒன்றரை மாசம் போச்சு.

கல்யாணம் முடிஞ்சு அவங்களே ஒரு நாள் வந்தாங்க, இடது பக்கம் மறுபடியும் தொளதொளங்குதுன்னு. டேப்பைக் கையில வெச்சுக்கிட்டு எல்லாத்தையும் சொல்லிட்டேன், ஈஸ்டரைச் சொன்னேன், குழியைச் சொன்னேன், டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். மிஸ் புடவையை இழுத்து மூடிக்கிட்டாங்க. திட்டுவாங்கன்னு எதிர்பாத்தேன், திட்டவே இல்ல. கைப்பையை எடுத்துக்கிட்டுக் கேட்டாங்க: "அந்த டாக்டரம்மா எந்தெந்த நாள் வருவாங்கன்னு சொன்னே?"

புது அளவு

ஆபரேஷன் ஆச்சு. இடது பக்கம் முழுசா எடுத்துட்டாங்க. அக்குள்ல கூடப் பரவியிருந்துச்சாம். இன்னும் சீக்கிரம் வந்திருந்தா நல்லதுன்னு டாக்டர் சொன்னதா மிஸ்ஸோட அண்ணி என் கடை வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனாங்க. யார் காதுல விழணும்னு சொன்னாங்களோ அவ காதுல விழுந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவை போனேன், ரெண்டு தடவையும் வாசலோட திரும்பிட்டேன். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உள்ள போறது?

போன வாரம் மிஸ்ஸே கடைக்கு வந்தாங்க. தலையில துணி கட்டியிருந்தாங்க, புருவம் கூட இல்ல. ஊசி மருந்து இன்னும் பாக்கி இருக்காம், பள்ளிக்கூடத்துல வழியனுப்பு விழா வருதாம், அதுக்கு ஒரு ப்ளவுஸ் வேணுமாம். திரைக்குப் பின்னாடி போனோம். நான் டேப்பைச் சுத்தினேன். பன்னெண்டு வருஷமா என் மனசுல இருந்த அளவு அங்க இல்ல. டேப் நழுவி இறங்குச்சு. அவங்களே டேப்பைப் பிடிச்சு நேரா வெச்சாங்க, "இடது பக்கம் டார்ட் வேண்டாம்"ன்னாங்க. அப்புறம் கணக்கு எந்த இடத்துல தப்பாச்சுன்னு பிள்ளைக்குக் காட்டிக் குடுக்கிற அதே குரல்ல, கோபமே இல்லாம சொன்னாங்க: "உனக்கு வலிச்சப்ப நான் கூட வந்தேன். எனக்கு வலிக்கலன்னதும் நீ வாயைத் திறக்கலையே எஸ்தர்."

இப்பல்லாம் கடைக்கு வர்றவங்ககிட்ட டேப்பை எடுக்கறதுக்கு முன்னாடி மாருல வலியோ மாத்தமோ உண்டான்னு வாயைத் திறந்து கேட்டுடறேன், அதனால பாதிப் பேரு வேற டைலர்கிட்ட போயிட்டாங்க, அங்க அரை இஞ்ச் பேசாம பிரிச்சு விடறாங்களாம்.