தொரசாணி ஊர் அம்மனுக்குக் கண் திறந்தேன்

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியும் எங்கள் கொட்டகலைத் தோட்டத்துப் பங்களாவில் வெள்ளைக்காரர்தான் தொரையாக இருந்தார். நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவது வேலை. ஞாயிற்றுக்கிழமையில், நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளின் அம்மிகளைக் கொத்திக் கொடுப்பேன். அம்மி கொத்துகிறவனைச் சிற்பி என்று நம்பிய ஒரே ஆள் தொரையின் சம்சாரம், எங்கள் தொரசாணி.

ஒரு நாள் கூப்பிட்டு ஒரு படத்தைக் காட்டினார். பழைய கல்லில் ஒரு பொம்பளை. மொட்டைத்தலை, முட்டைக்கண். பொட்டுத் துணி இல்லாமல், காலை அகட்டிக் குந்தியிருந்தாள். நான் சட்டென்று கூரையைப் பார்த்தேன்.

"இது எங்க ஊர், அயர்லாந்து. கோயில் சுவத்துல இருக்கு. நீ இதே மாதிரி கொத்தணும். நாய்க்கூண்டு பக்கத்துல வைக்கணும்."

"கோயில்லயா தொரசாணி? இந்தக் கோலத்துலயா?"

"ஒருத்தன் சாமி சொல்றான். ஒருத்தன் பேய் வெரட்டும் சொல்றான். யாருக்கும் தெரியாது."

அந்த ஊர்க்காரருக்கே தெரியாதது எனக்கு மட்டும் விளங்குமா? ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு வந்தேன். மற்ற இடங்களைக் கொத்த வெட்கமாக இருந்ததால் கண்ணிலிருந்து தொடங்கினேன். அங்கேதான் மாட்டினேன்.

என் வீட்டுக்காரி அப்போது நிறைமாசம். ஏற்கெனவே இரண்டைப் பறிகொடுத்தவள். வாசலுக்கு வந்தவள் கல்லைப் பார்த்ததும் குடத்தை இறக்கிவிட்டாள்.

"அட கூறுகெட்ட மனுசா! கண்ணக் கடைசியிலதானே தெறக்கணும்? தெறந்துட்டா அது சாமியாச்சே! யாரு படையல் போடுறது?"

"அடி புள்ள, இது வெள்ளக்காரி. நாய்க்கூண்டு பக்கத்துல வைக்கத்தான்."

"வெள்ளக்காரின்னா பசிக்காதா? நாய்க்கிட்ட கொண்டுபோய் வச்சா, கோவத்துல என் வயித்துப் புள்ளயத்தான் கேக்கும். குடுக்காதீங்க!"

கொடுக்காவிட்டால் தொரை வேலையிலிருந்து என் பேரை வெட்டிவிடுவார். கொடுத்தால் இவள் பயத்திலேயே சோறு தின்ன மாட்டாள். கண்ணை மூடிவிடலாம் என்று சுண்ணாம்பு அப்பினேன். அது இன்னும் பெரிதாகி என்னையே முறைத்தது.

கல் வரக் காணோமே என்று தொரசாணியே லயத்துக்கு வந்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரி வாசலை மறித்தாள்.

"தொரசாணி அம்மா, இது கண்ணு தெறந்த சாமிங்க. நாய்க்கிட்ட வேணாங்க. என் புள்ள பொழைக்கணும்."

தொரசாணி அவள் வயிற்றைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார்.

"எங்க ஊர்லயும் புள்ள பொறக்கப் போற பொம்பளைங்க இதைத் தொடுவாங்க," என்றார். "இங்கயே இருக்கட்டும்."

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! போகும்போது தானும் அந்தக் கல்லை ஒரு தரம் தொட்டார். பங்களாவிலும் பிள்ளை இல்லை.

வீட்டுக்காரி கல்லுக்குப் பழைய சேலைத் துண்டு ஒன்றைச் சுற்றினாள். மிச்சத்தைக் கொத்துகிற வேலையும் வெட்கமும் எனக்கு மிச்சம். என்ன பேர் சொல்லிக் கும்பிடுவது என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும்?

அடுத்த வாரம் பிள்ளை வீறிட்டு அழுதது. மருத்துவச்சி வெளியே வந்து, "பொண்ணுடா, நல்லாருக்கு," என்று தூக்கிக் காட்டினாள். மொட்டைத்தலை, முட்டைக்கண்.

நான் குழம்பிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.